பாலில் மிதந்த சப்பட்டை

எங்கள் அப்பா ஐயாதுரைக்குச் சாமி மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் தண்ணீர்த் தொட்டி மேல் இருக்கும் அளவுக்குக் கிடையாது. ராஜபாளையத்தில் அவர் நடத்தும் மாங்காய் மண்டியில், அவர் நாற்காலிக்கு இடதுகைப் பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கும். யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும், திரும்பிக்கூடப் பார்க்காமல் காயை அதற்குள் போடுவார். முங்கினால் விளைந்த காய். மிதந்தால் பிஞ்சில் பறித்தது. கொண்டுவந்தவர் சொந்த மச்சானாக இருந்தாலும் திருப்பி எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

அதோடு நின்றால் பரவாயில்லை. மனுஷர்களையும் அப்படித்தான் பிரிப்பார். என் சித்தப்பா மிதக்கிற ஆள். போஸ்ட்மேன் முங்குகிற ஆள். கிருஷ்ணன்கோவில் காலேஜில் என்னோடு படித்த ராம்குமாரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் சொன்னபோது, போட்டோவை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மிதக்குற மொகமால்லா இருக்கு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போட்டோவையே தொட்டியில் போட்டுக் காட்டியிருப்பேன். காகிதம் எப்படியும் மிதக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

ராம்குமார் வீட்டில் பால்கோவா கிண்டுகிறார்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பாவுக்கு அதுவே சந்தேகம். பால் வியாபாரம் என்றாலே தண்ணீர்தான் என்பது அவர் எண்ணம். கடைசியில் என் அழுகைக்கு இரங்கி, "ஒருக்கா வீட்டப் போய்ப் பாக்கேன். ஒரு கொறை கண்ணுல பட்டாலும் அம்புட்டுத்தான். பொறவு அந்தப் பய பேச்சையே எடுக்கக்கூடாது" என்றார்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் போகும் வழக்கம் இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து டிரைவர், அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போய்விட்டார். அம்மா ஏற்கெனவே ராம்குமாருக்குச் சரி சொல்லிவிட்டதால் அவள் ஓட்டு செல்லாது என்று அப்பா அவளை வீட்டிலேயே விட்டுவிட்டார். காரை நான்தான் ஓட்டினேன்.

"காரை விட்டு எறங்கப்படாது. நீ இன்னைக்கு டிரைவரு, பொண்ணு இல்ல" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மடியில் ஒரு கூடை சப்பட்டை மாம்பழம். விடியக்காலையில் ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டு, முங்கியதை மட்டும் துடைத்து அடுக்கியது.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். காரில் சும்மா உட்காரச் சொன்னால் உட்காரும் ஜாதி இல்லை. அப்பா உள்ளே போனதும் இறங்கி, பால்கோவா கிண்டும் கொட்டகையின் ஜன்னல் ஓரமாக ஒண்டிக்கொண்டேன். அடுப்புகள் இன்னும் பற்றவைக்கவில்லை. நடுவில் கறந்து வந்த பால் ஓர் அண்டா நிறைய இருந்தது. அதன் பக்கத்தில் அப்பாவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். விதி என்றால் அதுதான்: அண்டா அவருடைய இடதுகைப் பக்கம்.

ராம்குமாரின் அம்மா சுடலைமாடத்தி அத்தை லேசுப்பட்டவர் இல்லை. அவருக்கும் ஒரு சாமி உண்டு, லாக்டோமீட்டர். இடுப்பில் சாவிக்கொத்துப் பக்கத்திலேயே அந்தக் கண்ணாடிக் குழாயைச் செருகியிருப்பார். அதைப் பாலில் விட்டால் மிதந்து நிற்கவேண்டும். முங்கிப்போனால் தண்ணீர் கலந்த பால். ஆக அங்கே முங்குவது உசத்தி, இங்கே மிதப்பது உசத்தி. சம்பந்தம் பேச நல்ல பொருத்தம்!

"பழம் மினுமினுன்னு இருக்கு அண்ணாச்சி" என்றார் அத்தை. "இப்பல்லாம் பிஞ்சுல பறிச்சு, கல்லு வச்சுல்லா பழுக்க வைக்காவ."

அப்பாவின் காது சிவந்தது. "தாயி, பாலுல தண்ணி ஊத்துறவிய ஊருக்கெல்லாம் உண்டு. என் பழத்தைச் சொல்லாதீய."

"என் பாலையா சொல்லுதீய?"

"என் பழத்தையா சொல்லுதீய? இந்தா பாருங்க, முங்குதா இல்லையான்னு!"

கண் அத்தையின் மேல் இருக்க, கை பழக்கதோஷத்தில் இடதுபக்கம் போனது. கூடையிலேயே பெரிய பழம் தொபுக்கென்று பாலில் விழுந்தது.

திண்மத்தில் துகள்கள் இடம்விட்டு இடம் நகராது, நின்ற இடத்திலேயே நடுங்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அப்பா, அத்தை, சுவரோரம் நின்ற ராம்குமார், மூன்று பேரும் அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

பழம் உள்ளே போனது. போன வேகத்தில் மேலே வந்தது. மிதந்தது.

அவ்வளவுதான், அத்தை வாயு நிலைக்குப் போய்விட்டார். கொட்டகையில் அவர் ஓடாத மூலை இல்லை. "என் பாலு போச்சே! மிதக்குது பாருங்க, பிஞ்சுப் பழம்! அண்ணாச்சி சாயம் வெளுத்துப்போச்சு!"

அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மண்டியில் எத்தனை பேர் காயைத் திருப்பி அனுப்பிய மனுஷன். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன்" என்றார். அந்த ஒரு சொல்லில் என் கல்யாணம் முடிந்துபோனது எனக்குத் தெரிந்தது. பெண்ணாவது டிரைவராவது, நான் உள்ளே பாய்ந்தேன்.

"யப்பா, நில்லுங்க! பழத்துமேல குத்தமில்ல!"

"ஏட்டி, உன்னைக் கார்லல்லா இருக்கச் சொன்னேன்?"

"பொறவு ஏசுங்க. தண்ணியில துகளெல்லாம் சீட்டுல உக்காந்து போற பஸ் மாதிரி. பாலும் அதே பஸ்தான், ஆனா நடுவுல சர்க்கரை, புரதம்னு படிக்கட்டு வரைக்கும் ஆள் ஏத்தியிருக்கு. பஸ் அளவு ஒண்ணு, எடை கூட. அதுதான் அடர்த்தி. தண்ணியைவிடப் பழம் கனம், அதனால அங்க முங்குச்சு. பாலு பழத்தைவிடக் கனம், அதனால இங்க மேல தள்ளுது!"

வகுப்புக் குரலிலேயே கத்திவிட்டேன். கடைசியில் "புரிஞ்சுதா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

ராம்குமார் மட்டும் அசைந்தான். குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினான். பழத்தைப் பாலிலிருந்து எடுத்துத் துடைத்து, ஒரு வாளித் தண்ணீரில் போட்டான். அது கல்லு மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது.

அப்பா குனிந்து வாளிக்குள் பார்த்தார். "முங்கிருச்சு" என்றார்.

அத்தைக்கு இப்போதுதான் உறைத்தது. "அப்பம், தண்ணி நெறையக் கலந்த பாலா இருந்தா?"

"பழம் அடியில கெடந்திருக்கும் அத்தை."

"கேட்டீயளா அண்ணாச்சி! உங்க பழமே சாட்சி சொல்லுது, என் பாலு சுத்தம்!"

"என் பழமும் சுத்தம்லா!"

இருவரும் ஒரே நேரத்தில் ஜெயித்துவிட்டார்கள். நான் அப்படி ஒரு சண்டையைப் பார்த்ததில்லை. ஆனால் அண்டா நிறையப் பால் அப்படியே கிடந்தது. அப்பாவுக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிட்டது.

"கொதிக்க வச்சா சரியாப் போயிரும் தம்பி. ஒரு பழந்தானே?"

"இல்ல மாமா. கடைக்கு இது ஆகாது" என்றான் ராம்குமார். சத்தம் போடவில்லை, தயங்கவும் இல்லை. "வாங்குறவியளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்லா. நம்ம வீட்டுக்கு வச்சுக்கிடலாம்."

அத்தை வாயைத் திறந்தார். மகன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். அவன் "மாமா" என்றதை அப்பா கண்டிக்கவில்லை. அவனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரிந்த பார்வைதான். காயைத் தொட்டியில் போட்டுவிட்டு, அது அடியில் போய்ச் சேருகிறவரை அப்படித்தான் பார்ப்பார்.

"வீட்டுக்குன்னா, இம்புட்டுப் பாலையும் என்ன செய்வீய?" என்றார்.

"அதான் தெரியல மாமா."

அப்பா நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். மேல்துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அடுப்பப் பத்த வைங்க. கோவாவாக் கிண்டிருவோம். நிச்சயதார்த்தத்துக்கு எப்படியும் இனிப்பு வேணும்லா?"

நான் யாரையும் பார்க்காமல் வெளியே வந்து, காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வரக்கூடாது இல்லையா.