சாம்சனின் சிவப்புக் கிட்டார்

பாட்டுக்குப் பின்னணியாக ரிதம் கிட்டார் வாசிக்கும் பாக்கியநாதனுக்கு வயிறு எரிந்தது. அவனும் முன்னால் நின்று லீடு கிட்டார் வாசிக்கும் சாம்சனும் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஒரே ஷிப்ட், ஒரே இசைக்குழு. புதுச் சிவப்புக் கிட்டார் மட்டும் சாம்சனுக்கு.

"கைத்தட்டு அவனுக்கா? அந்த கிட்டாருக்கு! அது எங்கைல இருந்தா தெரியும்," என்று சவுண்ட் மிக்ஸர் பார்ப்பவரிடம் பொருமினான்.

ஆரம்பாக்கத்துக் கல்யாண வரவேற்பில், பாட்டின் நடுவே சாம்சனின் தந்தி அறுந்தது. அப்படி அறுந்தால் ரிதம்காரன் தன் கிட்டாரைக் கழற்றித் தருவதுதான் மேடை வழக்கம். பாக்கியநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு தந்தான்.

பெயிண்ட் உரிந்த அந்தப் பழைய கிட்டார், அவனிடம் ஒருநாளும் பேசாததையெல்லாம் ஸ்பீக்கரில் பேசியது. கூட்டம் விசிலடித்தது.

பாட்டு முடிந்ததும் சாம்சன் ஓடிவந்தான். "இன்னா சவுண்டுண்ணே! இம்மாநாளா இத்த எங்க ஒளிச்சி வெச்சினு இருந்த?"