கசக்காத ஸ்குவாஷ்

குற்றாலம் ஐந்தருவி அருகே இருக்கும் தங்கள் கடைக்காக, புளியங்குடி வீட்டில் ஸ்வாதி போடும் எலுமிச்சை ஸ்குவாஷ் இரண்டு நாளில் கசந்துவிடும். நல்ல பழமாக வாங்கத் தெரியவில்லை என்று கணவன் மணிமுத்துவைத்தான் அவள் குறை சொல்வாள். உணவுத் தயாரிப்புப் பயிற்சி கொடுக்கும் பெர்சிஸ் ஒருநாள் வீட்டுக்கே வந்து, ஸ்வாதி சாறு பிழிவதைப் பார்த்தாள்.

"ஏன்க்கா இவ்வளவு அழுத்துதீங்க?"

"ஒரு சொட்டுகூட வீணாப் போவக்கூடாதுல்லா."

"அதான் கசக்குது. தோலும் விதையும் சேந்து நசுங்குதுல்லா. லேசாப் பிழிஞ்சாப் போதும்."

பக்கத்தில் நின்ற மணிமுத்து சிரித்தான்.

ஸ்வாதிக்கு மனமில்லைதான். ஆனாலும் லேசாகவே பிழிந்து பாட்டிலில் அடைத்தாள்.

அடுத்த வாரம் ஐந்தருவியில் குளித்துவிட்டுக் கடைக்கு வந்தவர்கள் இரண்டாவது கிளாஸும் கேட்டு வாங்கினார்கள். கூட்டம் குறைந்ததும் ஸ்வாதி தனக்கும் ஒன்று கலந்து, பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தாள்.