ராய்ஸ்டன் முடிக்காத கார்

ராய்ஸ்டன் பார்கெட்டர் தன் மனைவியைக் கடைசியாக அடித்து ஏழு வருஷமாகிவிட்டது. ஹேஸல் அந்தக் கணக்கை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒரு நாள் பிசகாமல் மனசுக்குள் வைத்திருந்தாள்.

அந்தக் கடைசி அடியில் அவள் கன்ன எலும்பு உடைந்தது. உருளைக்கிழங்கு சரியாக வேகவில்லை என்பது காரணம். அதெல்லாம் ஒரு காரணமா, சொல்லவே வெட்கக்கேடு. அவள் அக்கா லோர்னா வீட்டுக்குப் போய் ஆறு வாரம் இருந்தாள். ஏழாவது வாரம் ராய்ஸ்டன் வாசலில் வந்து நின்று அழுதான்.

"என் கைக்கு ஒரு வேலை வேணும் ஹேஸ். சும்மா இருந்தா அது கெட்டுப்போவுது."

அவன் வேலை பார்த்த இரும்புப் பட்டறையில் யாரோ, வீட்டிலேயே ஒரு கார் கட்டு என்று அவனுக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். சட்டமும் ஃபைபர் உடம்பும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு எல்லாம் ஒரு பழைய காரைப் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் நாமே மாட்டி முடித்தால், இரண்டு பேர் உட்காரும் கூரையில்லாத பந்தயக் கார் ஒன்று கிடைக்கும். அதற்குப் பலியான பழைய கார் ஹேஸலுடையது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்தான். "எடுத்துக்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு இரண்டு பஸ் மாறித்தான் போகிறாள்.

இங்கிலாந்தில் அவர்கள் இருந்த கிரேட்லி ஹீத் ஊரில் தெருவே அவனைக் கிண்டல் செய்தது. "என்ன ராய், கார் எப்ப ரோட்டுக்கு வருது? என் சாவுக்காவது வருமா?" என்று எதிர்வீட்டுக் கிழவர் வருஷா வருஷம் கேட்பார். ஒரு காலத்தில் இதைவிடச் சின்னப் பேச்சுக்கு மதுக்கடை வாசலில் ஒருவனுடைய தாடையைப் பெயர்த்தவன் ராய்ஸ்டன். இப்போது சிரித்துவிட்டு கராஜுக்குள் போய்விடுவான். தினமும் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை, ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் அங்கேதான். கை கருத்து, உடம்பு அசந்து வருவான். சாப்பிடுவான், தூங்குவான். தெருவுக்கு அது கார். ஹேஸலுக்கு அது கடிநாயைக் கட்டிப்போட்ட சங்கிலி. அவள் கோட்டு வாங்க வைத்த காசு பிரேக்காக மாறியது. அவர்கள் ஒரு தடவைகூடப் போகாத கடற்கரை விடுமுறைகள் நான்கு சக்கரங்களாக மாறின. அவள் முணுமுணுக்கவில்லை. சங்கிலி அறுந்தால் கடிபடப்போவது யார் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு வங்கிகள் கவிழ்ந்த குளிர்காலம் வந்தது. பட்டறையில் முதலில் வாரம் மூன்று நாள் வேலை என்றார்கள். அப்புறம் கதவையே பூட்டினார்கள். வீட்டுக்கடன் கொடுத்த இடத்திலிருந்து மூன்றாவது கடிதம் வந்த அன்று ஹேஸல் வாயைத் திறந்தாள்.

"கார வித்துடலாம் ராய்."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "எந்தக் கார?"

"நம்ம வீட்ல என்ன பத்துக் காரா நிக்குது?"

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தேநீர்க் கூஜாவை எடுத்துச் சுவரில் வீசினான். அது அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் உடைந்தது. சுடுதேநீர் அவள் தோளில் தெறித்தது.

"பாத்தியா? உன் மேல போடல. ஏழு வருஷமாப் போடல. ஏன் தெரியுமா? அங்க ஒண்ணு நிக்குதே, அதனால. அத வித்துட்டு இந்தக் கைய எங்க வெக்கச் சொல்ற? உன் மூஞ்சிலயா?"

தோள் எரிந்தது. ஆனாலும் ஹேஸல் எழுந்திருக்கவில்லை. "வீடு போனா கராஜும் சேந்து போவும். அப்ப என்ன, கார நடுத்தெருவுல வெச்சு முடுக்குவியா?" என்றாள்.

அவன் எழுந்துபோய்க் கராஜ் கதவைக் குத்தினான். அந்தத் தகரச் சத்தம் அரைமணி நேரம் கேட்டது.

லோர்னாவிடம் போனில் சொன்னபோது அவள் திட்டினாள். "வித்தா அடிப்பான். விக்கலேன்னா வீதிக்கு வருவ. எதுல சாகப்போறேன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லு, நான் பூ வாங்கிட்டு வரேன்." அக்காவின் நாக்கு எப்போதும் அப்படித்தான். மூன்று நாள் ஹேஸல் இதையே புரட்டிப் புரட்டி யோசித்தாள். வீடா, கன்னமா? புலிவாலைப் பிடித்தவளிடம் விடலாமா வேண்டாமா என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

நாலாம் நாள் ராய்ஸ்டனே வந்து, "வித்துத் தொல" என்றான். விரல் முட்டிகளில் தோல் இல்லை. அவன் மனசு மாறுவதற்குள் அவள் விளம்பரம் போட்டாள். நாலாயிரம் பவுண்டு, தொண்ணூறு சதவீதம் முடிந்தது, எஞ்சின் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை என்று எழுதினாள். முடிக்காத காரை விற்கிற எல்லோரும் தொண்ணூறு சதவீதம் என்றுதான் எழுதுவார்கள். வாங்குகிறவர்களும் அதைப் பாதியாக எடுத்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேல்ஸிலிருந்து எம்ரிஸ் புரோபர்ட் என்பவர் வேனுக்குப் பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயது. சுரங்கத்தில் வேலை பார்த்த உடம்பு, கதவை அடைத்துக்கொண்டு நின்றார். இதுபோல ஆறு கார் முடித்திருப்பதாகச் சொன்னார். ஏன் விற்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. இப்படிக் கார் வாங்கி விற்கிறவர்கள் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். வேலை போயிருக்கும், குழந்தை பிறந்திருக்கும், விவாகரத்து ஆகியிருக்கும், இல்லையென்றால் காரைக் கட்டியவன் செத்திருப்பான். இதில் எதுவாக இருந்தாலும் கேட்பது மரியாதை இல்லை.

எம்ரிஸ் முட்டி போட்டுக் காருக்கு அடியில் டார்ச் அடித்தார். ராய்ஸ்டன் கையில் ஒரு நீள ஸ்பானரோடு சுவரில் சாய்ந்து நின்றான். ஹேஸல் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றாள்.

"தம்பி, இந்த நட்டெல்லாம் நீதான் மாட்டுனியா?"

"வேற யாரு, எங்காத்தாளா?"

எம்ரிஸ் ஒரு நட்டை இரண்டு விரலால் திருகினார். ஸ்பானர் இல்லாமலே அது சுற்றிக்கொண்டு கழன்று வந்தது. அதை ஹேஸலிடம் நீட்டினார். "பாருங்கம்மா. உள்ள நைலான் வளையம் இருக்கு. ஒரு தடவ முடுக்குனா கெட்டியாப் புடிச்சுக்கும். கழட்டுனாத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டணும். இது வழவழன்னு தேஞ்சு கெடக்கு. பத்துத் தடவையாவது கழட்டி மாட்டிருக்கு." அவர் டார்ச்சை முன்பக்கம் திருப்பினார். "ஓட்டிப் பாக்கலன்னு போட்டிருந்தீங்க. புகைக்குழாய் நீலம் பாஞ்சிருக்கே. சூடு ஏறாம நீலம் பாயாது. இந்த எஞ்சின் ஓடியிருக்கு, நல்லாவே ஓடியிருக்கு."

"பெருசு, வாங்குறதுன்னா வாங்கு. இல்லாட்டி கெளம்பு" என்றான் ராய்ஸ்டன்.

ஆனால் எம்ரிஸ் இயந்திரத்தைப் பார்த்துவிட்டால் மனிதரை மறந்துவிடுகிற ஜாதி. "இங்க பாருங்க, வெல்டு பத்த வெச்ச இடத்த அறுத்து மறுபடி பத்த வெச்சிருக்கான். இது முடிக்காத கார் இல்லம்மா. முடிச்ச கார். முடிச்சு முடிச்சுப் பிரிச்சிருக்கான். நாலு வருஷம் முன்னாடியே ரோட்டுல ஓடியிருக்கலாம். ஓட்டிட்டு வந்து நின்னிருந்தா நான் பன்னெண்டாயிரம்—"

வாக்கியம் முடியவில்லை. ராய்ஸ்டனின் கையிலிருந்த ஸ்பானர் அவர் வாயில் விழுந்தது. எம்ரிஸ் பக்கவாட்டில் சரிந்து, பெயிண்ட் டப்பாக்களை இடித்துக்கொண்டு விழுந்தார். ராய்ஸ்டன் அவர் விலாவில் உதைத்தான். இரண்டு தடவை, பூட்ஸ் காலால், நிதானமாக. எம்ரிஸ் சிமெண்டுத் தரையில் ரத்தத்தைத் துப்பினார். ரத்தத்தோடு இரண்டு பற்களும் வந்தன.

ஹேஸல் தட்டைக் கீழே போட்டாள். கத்த வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் வாயில் வந்தது கேள்விதான்.

"ராய், அவரு சொல்றது நெசமா?"

அவன் மூச்சு வாங்கினான்.

"நான் வீட்ல இல்லாத நேரம் ஓட்டிப் பாப்பியா? பாத்துட்டு மறுபடி பிரிச்சுப் போடுவியா? என் கோட்டு, என் லீவு, என் காரு, எல்லாத்தையும் தின்னுட்டு?"

"முடிஞ்சிட்டா அப்புறம் என்னடி இருக்கு?" என்று கத்தினான். கண்ணில் நீர் நின்றது. "முடிஞ்சா இந்தக் கை சும்மாதான இருக்கணும்? உன் நல்லதுக்குத்தான் பிரிச்சேன். உன்னக் காப்பாத்தத்தான்டி!"

"வீடு முங்கிட்டு இருக்கும்போதும் பிரிச்சியா?"

அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கக் கூடாது என்று தெரு பிறகு பேசிக்கொண்டது. தெருவுக்கு என்ன, எதையாவது பேசும். அவன் கை வந்தது. அதே வலதுகை, அதே கன்னம். அவள் காரின் மூக்கில் போய் மோதி விழுந்தாள்.

வலி வருவதற்கு முன்னால் அவளுக்கு ஒன்று புரிந்தது. கார் இன்னும் விற்கவில்லை. இதோ, அவள் முதுகுக்குப் பின்னால், முதுகை உரசிக்கொண்டு நிற்கிறது. கை வந்துவிட்டது. ஏழு வருஷம் அவள் தீனி போட்டு வளர்த்தது சங்கிலியே இல்லை. அடிக்காமல் இருந்த நாளெல்லாம் அவனுக்கு அடிக்கத் தோன்றாத நாள், அவ்வளவுதான். அதற்கு அவள் வாடகை கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு வந்த ஆத்திரம் அவள் பிறந்ததிலிருந்து வராத ஆத்திரம்.

அவன் இடதுகையால் அவள் முடியைப் பிடித்துத் தூக்கினான். வலதுகையைக் காரின் இரும்புக் குழாயில் ஊன்றிக் குனிந்தான். "எந்திரி. நான் வேணும்னு பண்ணல. எந்திரிங்கறேன்ல" என்றான். பக்கத்துக் கராஜ் மேஜையில் தாமிரச் சுத்தியல் கிடந்தது. அவள் கைக்கு அது எட்டியது. இரண்டு கையாலும் தூக்கி, குழாய்மேல் இருந்த அந்தக் கையில் இறக்கினாள். எலும்பு உடைகிற சத்தம் அவளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் அடுத்தவர் எலும்பில் கேட்பது முதல் தடவை. இன்னொரு தடவை இறக்கினாள். அது அவசியமில்லை, ஆனாலும் இறக்கினாள்.

ராய்ஸ்டன் தரையில் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஊளையிட்டான்.

எம்ரிஸ் சக்கரத்தைப் பிடித்து எழுந்தார். கைக்குட்டையை வாயில் அமுக்கிக்கொண்டு, "போலீஸக் கூப்பிடவாம்மா?" என்றார். பல் போன வாயில் வார்த்தை காற்றாக வந்தது.

"கூப்பிடலாம். மொதல்ல காரு" என்றாள் ஹேஸல். ஒரு கண் மூடத் தொடங்கியிருந்தது. "பழைய காரோட பதிவுப் புத்தகம் என் பேர்ல இருக்கு. அவன் மாத்தவே இல்ல. எஞ்சின் என்னோடது, கியர்பாக்ஸ் என்னோடது. நான் கையெழுத்துப் போட்டாத்தான் இதுக்கு நம்பர் கெடைக்கும். சரிதான?"

"சரிதான்."

"நாலாயிரம் எடுங்க."

எம்ரிஸ் அவளைப் பார்த்தார், கீழே கிடந்த பற்களையும் பார்த்தார். அந்த நிலைமையிலும் மனிதர் பேரம் பேசினார். "எனக்கு ரெண்டு பல்லு போயிருக்கேம்மா. அதுக்காவது கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?"

"பல்லு அவன் கணக்கு. அவன்கிட்ட வாங்கிக்குங்க. காரு என் கணக்கு."

அவர் சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்தார். ஒரு மூலையில் ரத்தம் பட்டிருந்தது. அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

காரை டிரெய்லரில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. "எந்திரிச்சு வந்து தள்ளு ராய்" என்றாள் ஹேஸல். சுத்தியல் இன்னும் அவள் கையில் இருந்தது. அவன் எழுந்து வந்தான். இடது தோளைக் கொடுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு தள்ளினான். சக்கரங்கள் எண்ணெய் போட்டது போல உருண்டன. எதிர்வீட்டுக் கிழவர் சன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். இன்று அவர் எதுவும் கேட்கவில்லை.

எம்ரிஸ் கயிறு கட்டுவதற்குள் ஹேஸல் வீட்டுக்குள் போய்ப் போலீஸுக்குப் போன் செய்தாள். தன் பெயரையும், அவன் பெயரையும், வீட்டு முகவரியையும், லோர்னா வீட்டு முகவரியையும் சொன்னாள். அன்றைய அடியோடு நிறுத்தவில்லை, ஏழு வருஷத்துக்கு முந்தைய கன்ன எலும்பிலிருந்து எல்லாவற்றையும் தேதியோடு சொன்னாள். வெளியே வந்து, "என்ன எங்கக்கா வீட்ல எறக்கி விடுங்க" என்று எம்ரிஸிடம் சொல்லி, வேனின் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

ராய்ஸ்டன் சன்னல் பக்கம் வந்து நின்றான். கை பூசணி போல வீங்கியிருந்தது. "ஹேஸ், அதான் காரு போயிடுச்சே. நாலாயிரம் கட்டுனா வீடு நிக்கும். நாம திரும்ப மொதல்லேர்ந்து..."

"வீட்டையும் விக்கப்போறேன்" என்றாள் ஹேஸல். "பாதி என்னோடது. உன் பாதிய வெச்சு என்ன வேணும்னாலும் கட்டிக்கோ."

எம்ரிஸ் ரத்தத்தைத் துப்பிவிட்டு வேனைக் கிளப்பினார்.