மாமா கேட்ட ஒரு ரவுண்டு

வெளிநாட்டில் பைக் பந்தயம் பார்க்க மூன்று பேர் கிளம்பினார்கள். மூவரில் மருந்துக்கடை வைத்திருப்பவனை மற்றவர்கள் 'டானிக்' என்பார்கள். இரண்டாவது ஆள் அவனுடைய மாமா, அக்கா புருஷன்; பள்ளி பஸ் ஓட்டுகிறவர். மூன்றாவது ஆள் அதே பஸ் கம்பெனியில் யார் எந்த வண்டியை எடுப்பது என்று முடிவு செய்கிறவன். கொஞ்சம் பிந்தினாலும் உயிரை வாங்குவான் என்பதால் அவன் பெயர் 'டைமிங்'.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை மாமாவுக்கு வலிப்பு வந்தது. அக்கா போன் போட்டாள், டானிக் விழுந்தடித்து ஓடினான். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், வண்டியைத் தொடவே கூடாது என்றும் சொன்னார். மாமா மாத்திரையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

"வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்டா. உங்க அக்கா மேல சத்தியம் பண்ணு" என்றார்.

அவனும் பண்ணித் தொலைத்தான். பிறகு மாத்திரைகளைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பெரிய மலையைப் புரட்டிவிட்டவன் போல நிம்மதியாகத் தூங்கினான்.

பந்தய மைதானத்தில் டைமிங் காபி வாங்கப் போன நேரம் பார்த்து, "மாமா, மாத்திரை போட்டீங்களா?" என்று டானிக் கேட்டான்.

"எடுத்துட்டே வரலடா. ஏர்போர்ட்ல பையைப் பிரிச்சுப் பார்ப்பாங்க. பக்கத்துலயே டைமிங் நிப்பான்ல."

ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து மாத்திரை இல்லை. பந்தய ஆசையில் ராத்திரி தூக்கமும் இல்லை. மருந்து விற்கிறவனுக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அதன் பிறகு எந்த பைக் முந்தியது, எது விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. கூட்டமெல்லாம் எழுந்து நின்று கத்தியபோது அவன் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கண்ணை மூடித் திறந்தால்கூட இவன் கை அவர் தோளைப் பிடிக்கப் போனது.

பந்தயம் முடிந்ததும் மைக்கில் அறிவித்தார்கள். பார்க்க வந்தவர்கள் வாடகை பைக்கில் அதே பாதையில் ஒரு ரவுண்டு போகலாமாம். மாமா முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றார்.

"எனக்கு வயிறு வலிக்குது. ரூமுக்குப் போயிடலாம்" என்றான் டானிக்.

"கடை நிறைய மருந்து வச்சிருக்க. உன் வயித்துக்கு ஒண்ணு கெடைக்கலையா?" என்று சிரித்தான் டைமிங். "மாமாவை விடுடா. பாவம், வருஷம் பூரா பஸ்ஸையே உருட்டுறாரு."

"ஒரே ஒரு ரவுண்டுடா" என்றார் மாமா. அந்தக் குரலில் ஆசையும் கெஞ்சலும் இருந்தன. ஹெல்மெட்டை மாட்டினார், வண்டியில் ஏறினார், ஆக்சிலேட்டரை முறுக்கினார். முன்னால் நீண்டு கிடந்த பாதை ஒரு வளைவில் மறைந்தது. அந்த வளைவில்தான் காலையில் ஒருவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள்.

டானிக் வண்டிக்குக் குறுக்கே போய் நின்றான். எட்டிச் சாவியைத் திருப்பி உருவினான்.

"இவருக்கு வலிப்பு இருக்கு" என்று டைமிங்கிடம் சொன்னான். "மாத்திரையும் போடல. இவர் ஓட்டக் கூடாது."

மாமா மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்தியம் போயிற்று, மாமாவின் வேலையும் போயிற்று, அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஆள் உயிரோடு நிற்கிறாரே என்று ஒரு ஆறுதல். அவருக்கு ஆபீசிலேயே ஏதாவது வேலை போட்டுக் கொடுக்கச் சொல்லி டைமிங்கின் காலில் விழவும் தயாராக இருந்தான்.

டைமிங் மாமாவின் பக்கமே திரும்பவில்லை.

"உனக்கு எப்போலேருந்து தெரியும்?" என்று டானிக்கைக் கேட்டான்.

"ரெண்டு மாசமா."

டைமிங் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நம்ம ஆளு, பத்திரமா கூட்டிட்டுப் போவாருன்னு என் பொண்ண நான்தான்டா இவரு பஸ்ல போட்டேன்."