மணியாச்சிக்குக் காட்டிய பச்சை

செம்மணல் மேட்டில் ஒரு பச்சைக் கொடி ஆடுகிறது, பிடித்திருப்பது என் கைதான், சாயங்கால வெயிலில் தேரி மணற்காடு முழுக்கச் சிவந்து கிடக்க, அந்த ஒரு துண்டுப் பச்சையை நோக்கி உடைமரங்களுக்குள்ளிருந்து மணியாச்சி ஓடி வருகிறாள், காது கேளாத நாய், கூப்பிட்டால் வரமாட்டாள், கொடியைக் காட்டினால் வருவாள், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவனிடம் வேறென்ன வித்தை இருக்கும். அடிபட்டும் பட்டினியாகவும் பிளாட்பாரத்தில் கிடந்த மூன்று நாய்களுக்கும் அந்தந்த ஸ்டேஷனின் பெயர்தான், நாசரேத், குரும்பூர், மணியாச்சி, ரயிலே வராத தேரிக்கு மூணு ஸ்டேஷனக் கொண்டாந்துட்டியளே அண்ணாச்சி என்பார் ஆடு மேய்க்கும் கொம்பையா, என் மனைவி சுயம்புக்கனியோ சோற்றைப் பிசைந்தபடி, வண்டியப் போகச் சொல்லுத கொடியக் காட்டி நாய வரச் சொல்லுதிய, அது குழம்பாம என்ன செய்யும் என்று சிரிப்பாள், சிரிக்கிறாள்.

ஒரு ஆடியில் காற்று மணலை அள்ளி வேலி மேல் கொட்டியது, இரவு இங்கே இருந்த மேடு விடிந்தால் அங்கே இருந்தது, ஒரு மதியம் மற்ற இரண்டும் வீட்டுக்குள் ஓடிவந்துவிட்டன, மணியாச்சி வரவில்லை, கால்தடம் பதிந்த கணமே அழிகிற காற்று, மோப்பமும் நிற்காது, அவளுக்குக் காதும் இல்லை. கொடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், ஒரு மேட்டில் காட்டி, அடுத்த மேட்டுக்கு நடந்து, அங்கும் காட்டி, கொல்லாமர முந்திரித் தோப்பைத் தாண்டிக் காட்டிக்கொண்டே போனேன், ஓடும் வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்று காட்டிய உடம்புக்கு அப்படித்தான் பழக்கம், காலடியில் மணல் ரயில்பெட்டியைப் போலவே ஆடியது, கண்ணுக்குள் பழையபடி மணியாச்சி ஜங்ஷன் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது, பிளாட்பாரத்தில் மெலிந்த நாய் ஒன்று சிறுத்துக்கொண்டே, அன்றைக்கே இறங்கித் தூக்கினேனா, மறுநாள் வந்தா, தெரியவில்லை, கொம்பையா தலைத்துண்டால் வாயை மூடியபடி வந்து என் கையைப் பிடித்தார், அண்ணாச்சி, நீங்க எங்கன போறிய, தெனமும் உங்க வீட்டு மேட்டுல நின்னுதான காட்டுவிய, அதுக்குத் தெரிஞ்ச எடம் அது ஒண்ணுதான், நீங்களே ஊரச் சுத்துனா அது யாரத் தேடும், போயி நில்லுங்க.

திரும்பி வந்து நின்றேன், அதுவரை எங்கும் நின்று பழகாதவன், கண்ணில் மணல், கணுக்கால் மூட மணல், கை மரத்தபோது சுயம்புக்கனி வந்து என் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள், வெயில் சாய்ந்து காற்று சற்றே தணிகையில் மணலில் ஒரு பிடி எழுந்து நடப்பது போல எதுவோ அசைந்தது, உடம்பெல்லாம் செம்மண் அப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நொண்டியபடி, நேரே கொடியைப் பார்த்து. சுயம்புக்கனி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், லேட்டானாலும் வந்துட்டா பாத்தியளா, ஒங்க வண்டி மாதிரி.

இன்றைக்கும் கொடி ஆடுகிறது, வண்டியில் நான் இதைக் காட்டியபோதெல்லாம் ஊர்கள் பின்னால் போயின, விளக்குகளும், கையசைத்த முகங்களும், இப்போது சோறு ஆறுகிற நேரம், நான் மேட்டில் நிற்கிறேன், உடைமரங்களுக்குள்ளிருந்து ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாக என்னை நோக்கி ஓடி வருகின்றன, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு.