இருபத்திரண்டு மணி நேரம்

...அதுவும் சனிக்கிழமையன்று இருபத்திரண்டு மணி ஐம்பது நிமிடம், டாக்டர் கேட்டதே இருபத்திரண்டு மணி நேரம்தான், அதற்கு மேல் ஐம்பது நிமிடத்தை என் மகள் இனாமாகக் கொடுத்திருக்கிறாள், ஞாயிறு இருபத்திரண்டு நாற்பது, இரண்டும் பச்சைக் கம்பம், திங்கள் பதினான்கு, செவ்வாய் பதின்மூன்று, புதன் பதினைந்து, எல்லாம் சிவப்பு... இந்த வரைபடத்தைப் பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் புரியும், ஆனாலும் நானே விளக்குவேன், பேனா முனையால் ஒவ்வொரு கம்பமாகத் தொட்டு, நிதானமாக, குரலை உயர்த்தாமல். நேற்று ஷிஃப்ட் முடிந்த பிறகு தொழிற்சாலையிலேயே உட்கார்ந்து அச்செடுத்தேன், லேமினேட் வேறு செய்தேன், கசங்கக்கூடாது இல்லையா. தண்ணீர் பாட்டில் செய்கிற இடத்தில் பதினெட்டு வருடமாக விளக்குப் பலகைக்கு முன்னால் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கீறலும் குமிழியும் தேடுகிறவனுக்கு ஒரு வரைபடம் போடத் தெரியாதா? என் மகளின் பல்லில் மாட்டும் அலைனரும் எங்கள் பாட்டில் மாதிரிதான், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை, மேலுக்கு ஒன்று கீழுக்கு ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒரு ஜோடி, மொத்தம் இருபத்து நான்கு ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் பல்லை மயிரிழை மயிரிழையாக நகர்த்தும், கம்பி கட்டினது போல வெளியே தெரியாது. ஒரே நிபந்தனை, சாப்பிடவும் பல் துலக்கவும் தவிரக் கழற்றக்கூடாது, வெறும் தண்ணீர் தவிர வேறு எதைக் குடிப்பதானாலும் கழற்றிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். பதினோராவது ஜோடியோடு நின்றுவிட்டது. பல் வரவேண்டிய இடத்துக்கு வரவில்லை, பன்னிரண்டாவது ஏற மறுக்கிறது, அதனால்தான் அப்பா அம்மா இரண்டு பேருமே வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பிரிந்து இரண்டு வருடத்தில் நாங்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பது மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ.

எதிர் நாற்காலியில் அவள் அம்மா, மடியில் கைப்பை, கைப்பைக்கு மேல் இரண்டு கை, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன், அத்தோடு சரி. அவள் பக்கத்தில் அணில், பதினான்கு வயது, முன்பல் இரண்டும் முளைத்து வந்த காலத்தில் நான் வைத்த பெயர், இன்றைக்கும் வீட்டில் அதுதான் பெயர். அலைபேசியில் எதையோ அம்மாவுக்குக் காட்டுகிறாள், அம்மா உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்குகிறாள், இவர்களுக்குப் பல் டாக்டரிடம் வந்தாலும் சிரிப்புத்தான்... சிரியுங்கள், சிரியுங்கள், இன்னும் பத்து நிமிடம். சிரித்துச் சிரித்துத்தான் இந்தக் கதியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். அம்மாவும், அம்மாவின் தங்கையும், இவளும், மூன்று பேர் இருக்கிற வீடு, ஆனால் முப்பது பேர் இருக்கிற சத்தம், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கும். ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா? நான் சொன்னால் தப்பு, எப்போதுமே நான் சொன்னால் தப்பு, வீட்டையும் தொழிற்சாலை ஆக்கப் பார்க்கிறீர்கள் என்பாள். இப்போது நான் சொல்லவில்லை, வரைபடம் சொல்லும். கழற்றும்போதும் மாட்டும்போதும் அணில் அலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்துவாள், அது நிமிடத்தை எண்ணிக்கொள்ளும், வாராவாரம் எனக்கு அனுப்பச் சொன்னேன், ஒரு வாரம்கூடத் தவறாமல் அனுப்பினாள், பொய்யாக ஒரு நிமிடம் சேர்த்ததில்லை. வெள்ளி சாயங்காலம் முதல் திங்கள் காலை பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும்வரை என்னுடைய முறை. மற்ற நாளெல்லாம் அங்கே. ஆறு மாதம், டாக்டர், ஆறே மாதம் அவள் என்னோடு இருக்கட்டும், இருபத்து நான்காவது ஜோடி வரைக்கும் நான் பொறுப்பு, இதைத்தான் சொல்லப் போகிறேன். பல் ஒரு சாக்கு என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். சாக்குத்தான். ஆறு மாதம் இருந்தவள் ஏழாவது மாதமும் இருக்கலாம் இல்லையா, எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான், செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிய வேண்டும்.

என் வீட்டுக்கு வந்தால் அவள் ஒரு தங்கம். காலை எட்டரைக்கு அலைனரைக் கழற்றி டப்பாவில் வைப்பாள், சாப்பிடுவாள், பல் துலக்குவாள், டக்கென்று மாட்டிக்கொள்வாள், பிறகு ஒரு மணிக்குத்தான், பிறகு எட்டுக்குத்தான். நடுவில் ஒரு பிஸ்கட் கிடையாது, ஒரு பழம் கிடையாது. நான் வாங்கி வைக்காமல் இல்லை, மேசை மேல் பழக்கூடை, அலமாரியில் பிஸ்கட் டப்பா, ஃப்ரீஸரில் ஸ்ட்ராபெர்ரி ஐஸ்கிரீம், அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அதென்றால் உயிர், மூடியைச் சுற்றிப் பனி முள்ளு முள்ளாக வளர்ந்துவிட்டது, இன்னும் திறக்கவே இல்லை. வேணுமா அணில் என்று கேட்டேன், இல்லப்பா, உள்ளே அலைனர் இருக்கு என்றாள், எனக்குத் தலைகால் புரியவில்லை, என் பிள்ளை, என் கண்டிப்பு, என் ரத்தம். ஜன்னலோரத்தில் அவளுக்கென்று ஒரு மேசை வாங்கிப் போட்டிருக்கிறேன், அதில் உட்கார்ந்து படிப்பாள், நான் ஹாலில் உட்கார்ந்து அவள் பக்கம் புரட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவு அமைதி. நீங்க சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்பாள். நீங்க... ஏழு வயதில் என் முதுகில் ஏறி உட்கார்ந்து நீ மோசம், நீ ரொம்ப மோசம்ப்பா என்று தலையில் அடிப்பாள், எந்த வயதில் 'நீ' போய் 'நீங்க' வந்தது, யாரும் சொல்லிக் கொடுத்தார்களா, அம்மாவை இன்னும் நீ என்றுதானே கூப்பிடுகிறாள், காலில் தண்ணீரைக் கொட்டியதற்கு அன்றைக்கு வாசலில் வைத்தே உனக்குக் கண்ணு தெரியாதா என்று கேட்டாளே... போகட்டும், வளர்ந்த பெண், மரியாதை தெரிகிறது. எதற்கு இப்போது இதெல்லாம், உள்ளே கூப்பிடுகிறார்கள்.

டாக்டர் பெண்மணி, நிதானமானவர், முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக் கொண்டு பேசுகிறவர். சாய்வு நாற்காலியில் அணில் படுத்தாள், விளக்கு அவள் வாய்க்கு மேல் வந்தது, உறை பிடித்துக்கொள்வதற்காகப் பற்களில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்னப் பொட்டுகளை டாக்டர் ஒவ்வொன்றாகக் கம்பியால் தொட்டுப் பார்த்தார், பிறகு திரையில் இரண்டு பல் வரிசையைக் காட்டினார், இப்போது இருக்க வேண்டியது நீலம், இருப்பது வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் விரல் நகம் நுழையும் இடைவெளி. இரண்டே வழிதான் என்றார், ஒன்று கம்பி கட்டுவது, இல்லாவிட்டால் மறுபடியும் அச்செடுத்துப் புது உறைகள், இன்னும் ஆறு மாதம், ஆனால் இந்தத் தடவை நேரம் தவறினால் அப்புறம் கம்பிதான். கம்பி என்றதும் அணிலின் கண் அம்மாவிடம் ஓடியது. நான் வரைபடத்தை எடுத்தேன். விளக்கினேன். குரலை உயர்த்தவில்லை, ஒரு இடத்திலும் அவள் அம்மாவை நேராகக் குறை சொல்லவில்லை, பச்சை இங்கே, சிவப்பு அங்கே, அவ்வளவுதான், ஒத்திகை பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. டாக்டர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், இவ்வளவு அக்கறையான ஒரு அப்பாவை நான் பார்த்ததில்லை என்றார். அவள் அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கைப்பையின் ஜிப்பை மெதுவாகத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். பதினான்கு வருடம் கூட வாழ்ந்தவளைத் தெரியாதா, தோற்றுவிட்டால் இப்படித்தான் செய்வாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

டாக்டர் அணிலிடம் திரும்பினார். திட்டவில்லை. அப்பா வீட்டில் உன்னால் முடிகிறது என்றால் அம்மா வீட்டிலும் முடியும்தானே, அப்பா வீட்டில் எப்படிச் செய்கிறாய் என்று சொல், அதையே அம்மா வீட்டிலும் செய்யலாம் என்றார். நல்ல கேள்வி, நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அணில் எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டாள், உண்மையிலேயே யோசித்தாள், பரீட்சையில் பதில் யோசிப்பதைப் போல.

"அங்க கழட்டணும்னே தோணாது டாக்டர். நடுவுல எதுவும் சாப்பிட மாட்டேன், பேசவும் ஒண்ணும் இருக்காது. வீட்டுலன்னா சித்தி எதையாவது ஊட்டி விட்டுக்கிட்டே இருப்பா. அம்மா டீ போட்டா எனக்கும் அரை கிளாஸ் வேணும். இதை மாட்டிக்கிட்டுப் பேசுனா காத்து காத்தா வருதுன்னு ரெண்டு பேரும் கிண்டல் பண்ணுவாங்க, சிரிச்சுச் சிரிச்சு கழட்டி வச்சிடுவேன், அப்புறம் மறந்தே போயிடும். அப்பா வீட்டுல அந்தத் தொந்தரவெல்லாம் இல்ல."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னாள், பாராட்டாகத்தான் சொன்னாள், எனக்கு உதவி செய்கிறாளாம், அப்பாவின் கட்சியில் நின்று ஒரு வார்த்தை சொல்கிறாளாம். அதில் ஒரு துளி விஷம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டாக்டர் வரைபடத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார், நான் அதைப் பார்த்தேன், நானே போட்டது, நானே வண்ணம் தீட்டியது... இருபத்து நான்கில் இருபத்திரண்டு ஐம்பது போனால் எழுபது நிமிடம். ஒரு சனிக்கிழமை முழுக்க என் மகள் என் வீட்டில் வாய் திறந்த நேரம் எழுபது நிமிடம், அதுவும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் பல் துலக்குவதற்கும். சிவப்புக் கம்பத்தில் பத்து மணி நேரம், பதினோரு மணி நேரம், அவ்வளவும் தின்றிருக்கிறாள், பேசியிருக்கிறாள், சிரித்திருக்கிறாள், அதை நான் குற்றப்பத்திரிகை மாதிரி எழுதி லேமினேட் செய்து எடுத்து வந்திருக்கிறேன். பதினெட்டு வருடமாகப் பார்க்கிற வேலை, ஒரு கீறல் தப்பாது, இது எப்படித் தெரியாமல் போயிற்று? அமைதி, அமைதி என்று ஹாலில் உட்கார்ந்து பூரித்துப் போனேனே, அது அமைதியா? வேற்று வீட்டில் தங்கினால் நாமும் அப்படித்தானே இருப்போம், கொடுத்ததைச் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்து, கிளம்பும் நேரத்துக்குப் பையைத் தயாராக வைத்துக்கொண்டு... விருந்தாளி ஃப்ரீஸரைத் திறப்பாளா? வரைபடத்தை மடியில் கவிழ்த்து வைத்தேன், யாரும் கவனிக்கவில்லை.

அப்போதுதான் அவள் அம்மா பேசினாள். "ஆறு மாசம் அவ அங்கயே இருக்கட்டும் டாக்டர். எங்க வீட்டுல முடியாது, நாங்க மூணு பேருமே ஒழுங்கா இருக்க மாட்டோம்" என்றாள், அணிலின் தலையைத் தடவிக்கொண்டே, குரல் உடையாமல் இருக்க வேகவேகமாக. நான் கேட்கவே இல்லை. கேட்க வந்ததை, மனக்கோட்டை கட்டி வைத்திருந்ததை, கேட்காமலேயே தூக்கிக் கொடுத்துவிட்டாள். அணில் அம்மாவைப் பார்த்தாள், அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, கம்பி வேண்டாம் என்றால் இதுதான் வழி என்று அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும், சரிம்மா என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக, பல் கோணினால் கோணட்டும், அவள் அங்கேயே இருக்கட்டும், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் கழற்றி வைக்கட்டும்... வார்த்தை எல்லாம் தயாராக வரிசையில் நின்றது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஞாபகம் வந்தது, இருட்டு வீடு, சுவரில் சுவிட்சைத் தேடுகிற கை. சரி என்றேன்.

டாக்டர் தேதியைக் குறித்துக்கொண்டார். மறுபடியும் அச்செடுக்க அடுத்த வாரம் வரச் சொன்னார். வெளியே நடைபாதையில் அவள் அம்மா, ஆட்டோ பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் போய்விட்டாள், நானும் அணிலும் படிக்கட்டின் மேல் நின்றோம், அவள் அலைனரை டப்பாவிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள், டக், டக், அலைபேசியில் பொத்தானை அழுத்தினாள். உன் மேசைக்குப் புது விளக்கு வாங்கலாமா என்று கேட்டேன், பரவாயில்லப்பா, இருக்கிறதே போதும் என்றாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, இன்னைக்கே வரணுமா? வெள்ளிக்கிழமை வரைக்கும் வீட்டுல இருந்துட்டு வரட்டுமா?"

வெள்ளிக்கிழமையே வா என்றேன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது, உதட்டுக்குள் அந்தக் கண்ணாடி உறை பளிச்சென்று தெரிந்தது, தேங்க்ஸ்ப்பா என்றாள், சொல்லிவிட்டு இரண்டு இரண்டு படியாக இறங்கி அம்மாவிடம் ஓடினாள். இந்த இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது, என்னிடம் வராமல் இருக்க மூன்று நாள், கேட்டதும் கொடுத்துவிட்டேன்.