பெட்டி வரலை

விடிந்தும் விடியாத நேரத்தில், மூடிக் கிடந்த அந்தப் பழைய ஆலையின் பின்முற்றத்தில் கயித்தக்கா அட்டைப்பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முந்தின நாள் மிச்சம். பனியில் ஊறிப்போய், தூக்கினால் அடிப்பாகம் கழன்று கையோடு வந்தது. நசுங்கியதை நிமிர்த்தி, ஒட்டு நாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டி, வரிசையாக வைத்து, சுற்றிலும் கயிறு போட்டு இறுக்க வேண்டும். உள்ளங்கைக் காய்ப்பு உரிந்து எரிந்தது. சினிமாச் சண்டையில் மேலிருந்து விழுகிறவனுக்கு இந்தக் காலிப் பெட்டிகள்தான் கதி. ஒவ்வொன்றாக நசுங்க நசுங்க, விழுகிற வேகம் செத்துப்போகும். அதற்கு மேலே மெத்தை. இரண்டும் போதுமான அளவு இருந்தால் எலும்பு தப்பும்.

"அக்கா, மெத்தை எங்கே?" என்று கேட்டான் ரப்பர்.

ரப்பர் அவள் தம்பி. எங்கே தூக்கிப் போட்டாலும் துள்ளி எழுந்து வந்துவிடுவான் என்று யூனிட் வைத்த பேர். கதாநாயகனிடம் அடி வாங்கி, கண்ணாடி உடைத்து, மாடியிலிருந்து விழுந்து பிழைக்கிறவன். அவனுக்குக் கயிறு கட்டி, பெட்டி அடுக்கி, அவன் விழும்போது கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் பிழைப்பு; அதனால்தான் கயித்தக்கா என்று பேர். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, திட்டி வளர்த்தவளும் அவள்தான்.

"வண்டியில வரும்டா. அதுக்குள்ள என்ன அவசரம்?"

வண்டி வந்தது. நாற்காலிகள் இறங்கின. ஒரு நிலைக்கண்ணாடி இறங்கியது. புகை போடும் எந்திரம் இறங்கியது. பெட்டியும் இல்லை, மெத்தையும் இல்லை. சண்டைக் காட்சி என்றால் ஓரமாக வந்து நிற்கும் ஆம்புலன்சையும் காணவில்லை.

எல்லாம் அந்த ஆப் செய்த வேலை. முன்பெல்லாம் ஸ்டண்ட் மாஸ்டர் முதல் நாளே இடத்தைச் சுற்றி நடந்து பார்த்து, இத்தனை பெட்டி, இத்தனை மெத்தை என்று தொண்டை கிழியக் கத்துவார், வந்து இறங்கும். இந்தப் படத்துக்குப் பணம் போட்ட முதலாளி புதுசாக ஒன்று கொண்டுவந்தார். கதை எழுதுவது, எந்த சீனுக்கு என்ன சாமான் என்று குறிப்பது, என்றைக்கு எதை எடுப்பது, யார் எப்போது வருவது, அத்தனையும் போனில் ஒரே இடத்தில். ஒருவர் எழுதினால் அந்த நிமிடமே எல்லார் போனிலும் தெரியும். எழுதுகிறவர் பேரும் ஒரு வண்ணப் புள்ளியோடு பக்கத்தில் நிற்கும். அலுவலகப் பெண் ஒருத்தி முக்காலி போட்டு உட்கார்ந்து, தச்சர், லைட்மேன், மேக்கப், ஃபைட்டர் என்று ஒவ்வொருவர் போனிலும் ஏற்றிக் கொடுத்தாள். 'பார்க்க மட்டும்' என்று வைத்தால் வேலைக்குக் கூப்பிடும் மணி அடிக்கவில்லை. 'எழுதலாம்' என்று வைத்தால் அடித்தது. தொலையட்டும் என்று எல்லாருக்கும் 'எழுதலாம்' என்றே வைத்துவிட்டாள்.

"அண்ணே, அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கதைக்குள்ள மட்டும் யாரும் எதையும் தட்டிடாதீங்க. எல்லாருக்கும் தெரியும்."

ரப்பர் சும்மா இருப்பானா? கதாநாயகன் செத்த தாயைக் கட்டிக்கொண்டு அழுகிற இடத்தில், 'டீ இன்னும் வரலை' என்று தட்டிவிட்டான். ஒத்திகையில் கதாநாயகன் அழுகையோடு அழுகையாக அதையும் வாசித்துவைக்க, யூனிட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

இன்னொரு கூத்தும் உண்டு. 'சம்மதம்' என்று ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்தினால்தான் மறுநாள் வண்டி எப்போது வரும் என்ற பக்கம் திறக்கும். எதற்குச் சம்மதம் என்று ஒருவரும் படித்ததில்லை. வண்டி நேரம் தெரிய வேண்டும், அழுத்தினார்கள். அவ்வளவுதான்.

சாமான் ஏன் வரவில்லை என்று மாஸ்டர் அலுவலகப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் போனைப் புரட்டிப் பார்த்தாள்.

"முதல் மாடியிலேர்ந்து விழுறதை ரெண்டாம் மாடின்னு மாத்தச் சொன்னார் முதலாளி. சண்டை நாளைக்கு, விழுறது இன்னைக்குன்னு பிரிக்கவும் சொன்னார். ரைட்டர் நேத்து சீனை ரெண்டா வெட்டினார். வெட்டினா சாமான் குறிப்பெல்லாம் முதல் பாதியோட, அதான் நாளைக்கு எடுக்கிற சண்டையோட, நின்னுடுது. ரெண்டாவதுக்குத் திரும்பப் போடணும். யாரும் போடலை. நானும் பார்க்கலை."

"சரி, சாமான் வரட்டும். அப்புறம் எடுப்போம்" என்றார் மாஸ்டர்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். பின்னாலேயே அவருடைய அடியாட்கள். பவுன்சர் என்று கறுப்புச் சட்டை மாட்டிவிட்டால் அடியாள் அடியாள் இல்லை என்று ஆகிவிடுமா?

"வெயில் சுவருக்கு மேல ஏறிட்டா இந்த வெளிச்சம் போச்சு. யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

"பெட்டி ஒரு அடுக்குதான் இருக்கு முதலாளி. அதுவும் ஈரம். மாடி ரெண்டு" என்றாள் கயித்தக்கா.

"ராத்திரி சம்மதம்னு அழுத்தினே இல்ல? உன் தம்பியும் அழுத்தியிருக்கான். இதோ, பச்சையா நிக்குது."

"அது வண்டி நேரம் பார்க்க அழுத்தினது."

"எதுக்கு அழுத்தினா எனக்கென்ன? அழுத்தினது அழுத்தினதுதான். முடியாதுன்னா சொல்லிடு. மாஸ்டர், உங்க ஆளுங்க மொத்தப் பேரையும் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க. வேற டீம் இல்லாமலா போயிட்டாங்க?"

மாஸ்டரை நம்பி இருக்கிற குடும்பங்கள் எல்லாம் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விடுங்க மாஸ்டர். என் ஒருத்தனால எல்லாரும் வீட்டுக்குப் போகணுமா?" என்றான் ரப்பர். அக்காவிடம் வந்து போனை நீட்டினான். குதிக்கும் முன் போனை அவள் கையில் கொடுப்பது அவன் வழக்கம். அவள் அதை இடுப்பில் செருகிக்கொள்வாள். அவனாக எழுந்து வந்து கேட்டால்தான் திருப்பிக் கொடுப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அது தப்பியதில்லை.

"வேண்டாம்டா. என் பேச்சைக் கேளு."

"வந்து வாங்கிக்கிறேன்க்கா. நான் யாரு, ரப்பர்."

படியேறிப் போனான். அவள் ஓடி ஓடி ஈரப் பெட்டிகளை நடுவில் குவித்தாள். லைட்மேன் தன் போர்வையைக் கொண்டுவந்து மேலே விரித்தான். தச்சர் மரத்தூள் மூட்டையைக் கொட்டினார். போதாது என்று எல்லாருக்கும் தெரியும். காமிரா ஓடியது. ஜன்னல் சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு ரப்பர் வெளியே வந்தான்.

பெட்டி நசுங்கும் சத்தம் அவளுக்குப் பழக்கம். அன்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லை. ஈர அட்டை சொத்தென்று பிளந்தது. அடுத்த நொடி முதுகு சிமெண்டில் மோதும் சத்தம். அவன் துள்ளவில்லை. காதிலிருந்து ரத்தம் கோடு போட்டு மரத்தூளில் இறங்கியது. கை மட்டும் எதையோ தேடுகிற மாதிரி தரையைப் பிறாண்டியது. கால் இரண்டும் யாருடையதோ போலக் கிடந்தன. அவள் முழந்தாளிட்டு அவன் முகத்தருகே குனிந்தாள்.

"கால் தெரியலைக்கா" என்றான். வாயில் ரத்தம் கொப்பளித்தது.

ஐயோ, அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்கா அவனை வளர்த்தாள்? ஆனால் கை சும்மா இருக்கவில்லை. "யாரும் தூக்காதீங்க. பலகை கொண்டாங்க" என்றாள். தச்சர் செட்டுக்குச் செய்த கதவைக் கீலோடு பெயர்த்துக்கொண்டு வந்தார். அசங்காமல் அவனை அதில் ஏற்றி, நெற்றி, மார்பு, இடுப்பு என்று தன் கயிற்றாலேயே கட்டினாள்.

"வண்டியை எடுங்க."

"அந்த வண்டியை யாரும் தொடக் கூடாது. அடுத்த ஷாட்டுக்கு வேணும். ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு, வந்துக்கிட்டு இருக்கு" என்றார் முதலாளி.

அலுவலகப் பெண் அக்காவின் பின்னால் வந்து நின்றாள். "இல்லக்கா. கூப்பிடப் போனேன். போனைப் பிடுங்கி ஆஃப் பண்ணிட்டுக் கொடுத்தார். கூப்பிட்டா கேஸ் ஆகுமாம்." எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னாள்.

மாஸ்டர் தலையை நிமிர்த்தினார். நேரே வண்டியிடம் நடந்தார். வண்டிச் சாவி வைத்திருந்த பவுன்சர் ஒருவன் குறுக்கே வந்து அவர் மார்பில் கை வைத்துத் தள்ளினான். அவர் திரும்பவும் நடந்தார். அவன் இரும்புக் குழாயை ஓங்கி அவர் தோளில் இறக்கினான்.

அப்புறம் நடந்ததற்கு ஒத்திகை கிடையாது. ஃபைட்டர்கள் வாழ்நாளெல்லாம் வலிக்காமல் அடி வாங்கிக் காசு பார்க்கிறவர்கள். குத்து முகத்தில் படும் முன்னே தலையைத் திருப்பத் தெரிந்தவர்கள். இன்றைக்கு ஒருவனும் தலையைத் திருப்பவில்லை. ஒருவனுக்கு மூக்கு உடைந்தது. இன்னொருவனின் விரல் வண்டிக் கதவில் சிக்கி நசுங்கியது. லைட்மேன் ஸ்டாண்டைச் சுழற்றினான். கறுப்புச் சட்டை ஒன்று பல்லைத் துப்பிக்கொண்டு உட்கார்ந்தது. கயித்தக்கா வடக்கயிற்றில் சுருக்குப் போட்டு, குழாய் வைத்திருந்தவன் காலில் வீசி இழுத்தாள். மல்லாக்க விழுந்தான். அவன் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியைப் பிடுங்குவதற்குள் அவள் புருவத்தில் ஒரு உதை விழுந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. சாவியை விடவில்லை.

கதவோடு ரப்பரை ஏற்றினார்கள். மாஸ்டர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியை எடுத்தார். "நான் பார்த்துக்கிறேன், நீ இங்க இரு. இல்லேன்னா இந்த முதலாளி எதையும் மாத்திடுவான்" என்று அவளிடம் கத்திவிட்டுப் போனார். அவர் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் தம்பியோடு போக முடியவில்லையே என்று வண்டி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேட்டை இழுத்துப் பூட்டினான் ஒரு பவுன்சர். முதலாளி சட்டையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடிச்சுக்கிறதுதானே உங்க தொழில். எனக்கென்ன புதுசா?" என்றார். போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

முற்றத்தில் எல்லார் போனிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். விழுகிற சீன். அதன் கீழே முதலாளியின் சிவப்புப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. எழுத்து எழுத்தாக வந்தது: 'ஃபைட்டர் குடித்திருந்தான். வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் குதித்தான்.'

இந்த வரி நின்றுவிட்டால், ஆஸ்பத்திரியில் கம்பெனி கையை விரித்துவிடும். இன்ஷூரன்ஸ் கிடையாது. குடிகாரன், தானே விழுந்தான், ஊரே நம்பும். அவன் படுக்கையில் கிடந்தபடி ஆயுசுக்கும் அந்தப் பேரைச் சுமக்க வேண்டும்.

"அவன் குடிச்சானா?" என்று போய் நின்றாள்.

"அதுல அப்படித்தான் இருக்கு. நாளைக்கு யார் கேட்டாலும் அதைத்தான் காட்டுவேன்."

"நீங்க எழுதினா நாங்களும் எழுதுவோம்."

அவள் பொத்தானைத் தொடுவதற்குள் பவுன்சர் அவள் போனைப் பிடுங்கித் தரையில் அடித்தான். பூட்ஸ் காலால் நசுக்கினான். கண்ணாடி நொறுங்கியது. முதலாளி சிரித்தார்.

அவள் இடுப்பில் கை வைத்தாள். தம்பியின் போன் இருந்தது. பூட்டைத் திறக்கும் கோடு அவள் போட்டுக் கொடுத்ததுதான். ஃபைட்டர்கள் சொல்லாமலே அவளைச் சுற்றித் தோளோடு தோளாக நின்று முதுகைக் காட்டினார்கள். அந்த முதுகுகளில் அடி விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, ரத்தம் பட்ட விரலால் தட்டினாள்.

முதலாளியின் சிரிப்பு நின்றது. போனில் ஒரு பச்சைப் புள்ளி நகர்ந்தது. பக்கத்தில் பேர்: ரப்பர்.

'நான் குடிக்கலை. பெட்டி வரலை. குதிக்கச் சொன்னாங்க.'

"யாருடா இது? அவன்தான் போயிட்டானே" என்று நாற்காலியை விட்டு எழுந்தார். அவசர அவசரமாக அழித்தார். மறுபடி வந்தது: 'பெட்டி வரலை.' அழித்தார். இப்போது மஞ்சள் புள்ளி ஒன்று கீழே முளைத்தது. 'நான் பார்த்தேன். தச்சர்.' அதை அழிப்பதற்குள் நீலம். 'நான் பார்த்தேன். லைட்மேன்.' மேக்கப் போடுகிறவள் எழுதினாள். உடுப்பு தேய்க்கிறவர் எழுதத் தெரியாமல் பக்கத்திலிருந்தவனிடம் சொல்லி எழுதினார். விரல் நசுங்கியவன் இடக்கையால் எழுதினான். ஒரு விரலால் அவர் எத்தனையை அழிப்பார்? கீழே அழித்தால் மேலே வந்தது.

"எல்லாரையும் ஆப்பை விட்டுத் தூக்கு" என்று அலுவலகப் பெண்ணைப் பார்த்துக் கத்தினார்.

"எப்படித் தூக்குறதுன்னு எனக்கு மறந்துபோச்சு சார்" என்றாள் அவள். சொல்லிவிட்டு வந்து அக்கா பக்கத்தில் நின்றுகொண்டாள். அவளுடைய ஊதாப் புள்ளியும் எழுதியது.

கடைசியாக, எங்கோ வீட்டில் உட்கார்ந்திருந்த ரைட்டரின் புள்ளி வந்தது. இரண்டு வார்த்தை எழுதி நின்றது; பயந்திருப்பார் போல. பிறகு மளமளவென்று ஓடியது: 'சீனை வெட்டச் சொன்னது முதலாளி. வெட்டினது நான். பெட்டி வரலை.'

முதலாளி போலீசுக்குப் போன் போட்டார், குண்டர்கள் தன் செட்டைப் பிடித்துக்கொண்டார்கள் என்று. வரட்டும் என்று யூனிட் ஆட்கள் கேட்டுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தார்கள். மூக்கு உடைந்தவனுக்கு மேக்கப் பெண் பஞ்சு வைத்து அழுத்தினாள். வெயில் சுவருக்கு மேலே ஏறியது. லைட்டைப் போட ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மணி அடித்தது. மாஸ்டரின் புள்ளி. சீனுக்குள்ளேயே எழுதியிருந்தார்: 'ஆஸ்பத்திரியில உள்ளே எடுத்துட்டாங்க. பேசுறான். காலைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதாம். போன் எங்கேன்னு கேக்குறான்.'

கயித்தக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே தம்பியின் பேரில் தட்டினாள்: 'எழுந்து வந்து வாங்கிக்கச் சொல்லுங்க.'

வெளியே போலீஸ் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. போனைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மற்றவர்களோடு எழுந்து நின்றாள்.